தகரத்தோடு நட்ட வில்வம்

1

போன கப்பல் தபாலில் நம்மூர்ப் பத்திரிகை வந்தது. அதில் ஒரு படம் போட்டிருந்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சீன ஜாடி. அதைச் சுற்றிச் சீனாக்காரன் எழுதிய பறக்கும் பாம்பு. ஜாடிக்குள் ஒரு வில்வச் செடி. இருபுறமும் பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு எங்கள் சபையார். கீழே, "பினாங்கு வாழ் சைவ அன்பர்கள் தங்கள் ஆண்டு விழாவில் நட்ட வில்வம் தழைத்தோங்குகிறது" என்று அச்சு.

தழைத்தோங்கவில்லை. படம் பிடித்த அன்றே அது பாதி செத்திருந்தது. மீதிப் பாதியைச் சாகடிக்கச் சபையார் பட்ட பாட்டை ஊரில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்புக்கு மேல் படித்தவனில்லை. பல வருஷமாக இங்கே ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது.

படத்தின் இடது ஓரத்தில் பாதி முகம் தெரிகிற ஆள் நான்தான். என் சம்சாரம் சிவகாமி படத்தில் இல்லை. செடி அவளுடையது.

2

எங்கள் மகன் சங்கரன் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை கண்டு, பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் கைவிட்டார்கள். அப்போது சிவகாமி ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை எழுந்தால், தன் ஆயுசு உள்ள வரைக்கும் தன் செடியில் தன் கையால் பறித்த வில்வம் ஒன்று சுவாமிக்குச் சாத்தாமல் சோறு தொடுவதில்லை என்று. பிள்ளை எழுந்துவிட்டான். அவளும் வாக்குத் தவறவில்லை. காய்ச்சலிலும் பிரயாணத்திலும் இலை சாத்திய பிறகுதான் சாப்பாட்டுக்கு இலை போடுவாள். திங்கட்கிழமையும் அமாவாசை பௌர்ணமியும் வில்வம் பறிக்கக் கூடாது. அதற்கு முதல் நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்வாள்.

அவள் பிறந்த வீடு தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறையில். புறவாசலைத் திறந்தால் படியிறங்கி ஆற்றில் கால் வைக்கலாம். அங்கே வில்வம் மரமாகவே நின்றது. ஆடு வந்து கடித்துவிட்டுப் போகும். ஒருவரும் அதை மதித்ததாக எனக்கு ஞாபகமில்லை. நான் லீவில் வந்து அவளையும் பையனையும் இங்கே கூட்டிவரப் புறப்பட்டபோது, அந்த மரத்தடியில் தானாக முளைத்திருந்த ஒரு கன்றை எடுத்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்தாள். என் மைத்துனன் சிரித்தான்.

"எக்கா, ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? தகரத்தத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏறுவாளா ஒருத்தி? அங்கன வில்வம் இல்லாமலா கிடக்கும்?"

"இருந்தா நல்லதுதாம்ல. இல்லன்னா நீ வந்து பறிச்சுத் தருவியா?"

அவன் வரவில்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவனிடமிருந்து வருகிற கடிதமெல்லாம் கம்பளி வேண்டும், குடை வேண்டும் என்றுதான். அக்காளுடைய செடி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

3

நாகப்பட்டணத்தில் கப்பலேறினோம். மேல்தட்டில் எங்களுக்கு இடம். உப்புக்காற்று அடிக்கும்போதெல்லாம் சிவகாமி தன் மாற்றுப்புடவையைச் செடிக்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இங்கே இறங்குமுன் நம்மைப் போன்ற சனங்களை ஒரு தீவில் இறக்கி, குளிக்கச் சொல்லி, துணிகளை ஆவியில் போட்டு, நோய் இல்லை என்று கண்ட பிறகுதான் விடுவார்கள். அங்கே ஒரு குமாஸ்தா. கையில் பிரம்பு. நம் ஆள்தான், நெற்றியில் அழித்த விபூதியின் தடம் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் மலாய், இல்லையேல் இங்கிலீஷ். செடியைப் பார்த்ததும் மலாய் பாஷையில் கத்தினான். மண் கூடாதாம், செடி கூடாதாம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரனைவிட இவனுக்கு வெள்ளை அதிகம்.

சிவகாமி அவன் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, "ஏன் தம்பி, நீ எந்த ஊரு?" என்றாள்.

"வீரவநல்லூர்" என்று சொல்லிவிட்டான். பாவி, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வீரவநல்லூரா? நாங்க குறுக்குத்துறை. அங்கன உங்கம்மை ஒன்கிட்ட இப்படித்தான் பேசுவாளா?"

அவன் வெள்ளைக்காரனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மேல்மண்ணை மட்டும் வழித்துக் கடலில் கொட்டச் சொன்னான், மேலதிகாரி பார்க்கட்டும் என்று. உத்தியோகம் என்பதற்கு இந்த ஊரில் அர்த்தம் இதுதான்: பெற்ற பாஷையை மறைத்து வைப்பது, யாராவது பார்க்கும்போது கொஞ்சம் மண்ணைக் கடலில் கொட்டுவது.

4

செடி பிடித்துக்கொண்டது. ஆறேழு வருஷம் அந்தத் தகரத்திலேயே இருந்தது. எங்கள் வாடகை வீட்டில் மண்தரை கிடையாது. பின்கட்டில் சிமெண்டுத் தளம், வாரத்துக்கொரு முறை சண்டை போடுகிற சீனாக்காரச் சொந்தக்காரன். அதனால் தகரத்தைவிட்டு மாற்ற வழியில்லாமல் இருந்தது. போன வருஷம் இலைகள் சிறுத்தன. தண்ணீர் விட்டால் மேலே நிற்காமல் ஓரமாகவே ஓடி அடியில் வழிந்தது. தகரத்தின் அடியில் ஆணியடித்த துளைகள் வழியாக வேர் எலிவால்போல் வெளியே தொங்கியது.

"உள்ள மண்ணே இல்ல. எல்லாம் வேரு. வேற பெருசுக்கு மாத்தணும்" என்றாள் சிவகாமி.

இது அவளுக்குப் புதிதல்ல. என் மாமியார் பிச்சிக்கொடி வைத்த சட்டிகளை இரண்டு வருஷத்துக்கொருதரம் தரையில் ஒரு போடு போட்டு உடைப்பார். வட்டமாகச் சுருண்டு கிடக்கிற வேரை அரிவாளால் சுற்றிச் சீவுவார். மேலே கொடியையும் பாதிக்கு வெட்டுவார். பெரிய சட்டியின் துளைமேல் ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்து, ஆற்று வண்டலைப் போட்டு நட்டு, நிழலில் இழுத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உலையைப் பார்க்கப் போய்விடுவார். அதற்கு யாரும் கூட்டம் போட்டதில்லை.

சங்கரனிடம் சொன்னோம். அவன் இப்போது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. தலையில் தொப்பி. எங்களோடு பேசும்போது பாதித் தமிழ். மீதி என்னவென்று அவனுக்கே தெரியாது.

"இலை இல்லாம சாப்பிட்டா சாமி கோர்ட்டில கேஸ் போடுவாராம்மா?" என்று கேட்டுச் சிரித்தான்.

யாருக்காக அந்த நேர்த்தி என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தான். எனக்குக் கை துறுதுறுத்தது. அடிக்கிற வயதில் அவன் ஊரில் இருந்தான், நான் இங்கே இருந்தேன். இப்போது அடிக்கிற வயதில் அவன் இல்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு சபைக் கட்டிடம். அங்கே முற்றம் உண்டு. காரியதரிசி சுப்பையா பிள்ளையிடம் போய், ஒரு மண்வெட்டியும், பழைய பீப்பாய் ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டும் என்று கேட்டேன்.

"என்னத்துக்கு அண்ணாச்சி?"

சொன்னேன். அதுதான் வினை. வில்வம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குக் கண் விரிந்தது. மறுநாள் கூட்டம் கூட்டிவிட்டார்கள். நான் கேட்ட மண்வெட்டி வரவில்லை, தீர்மானம் வந்தது. வில்வம் சைவ உலகத்துக்குப் பொதுவாம். அதைச் சபை முற்றத்தில் ஆண்டு விழாவன்று நடவேண்டுமாம். சபைக்குத் தலைமை வகிக்கிற அக்கிராசனர் பெரியநாயகம் பிள்ளை தம் சொந்தச் செலவில் ஜாடி தருவாராம், ஜாடியில் அவர் பெயர் எழுதப்படுமாம். சிவகாமி தினமும் வந்து ஓர் இலை பறித்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் தந்தார்கள். அவளுடைய செடியில்!

பெரியநாயகம் பிள்ளை நம்மூர்ப் பேட்டைக்காரர். அங்கே இருந்தவரை கோயில் வாசலை மிதித்தவர் இல்லை. கடல் தாண்டியதும் சைவத்துக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். நான் மறுத்திருக்கலாம். ஆனால் எங்களுக்கு மண்தரை இல்லை, செடி செத்துக்கொண்டிருந்தது. சிவகாமியும், "முத்தத்தில வெயிலாவது படும். சம்மதிச்சிருங்க" என்றாள்.

5

விழாவன்று மேளம் இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு சீனாக்காரன் படப்பெட்டியோடு நின்றான். அக்கிராசனர் எழுந்து, "தாமிரபரணிக் கரையில் முளைத்து, கடல் கடந்து வேரூன்றிய நாம் ஒவ்வொருவரும் ஒரு வில்வமே" என்று பேசினார். கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் வில்வம் இல்லை. அரிசி மண்டிக் கணக்கன். என்னை யாரும் பிடுங்கி நடவில்லை. நானே கேட்டு, அலைந்து, ஆள் பிடித்துக் கப்பலேறி வந்தேன். செடிக்குக் காலில்லை, எங்களுக்கு இருக்கிறது. வாசலில் நிற்கிற செடிக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றாதவர்களுக்குத் தங்களையே செடியாக நினைத்துக்கொள்ள மட்டும் நல்ல ருசி.

பேச்சு முடிந்து நடவேண்டிய நேரம் வந்தது. நான் தகரத்தை வெட்டக் கத்திரி கொண்டுபோயிருந்தேன். குருக்கள் கையைக் காட்டித் தடுத்தார்.

"வில்வத்து மேல இரும்பு படப்படாது. வேர் அறுந்தா சிவத்ரோகம்."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து சிவகாமியின் குரல் வந்தது: "அப்ப அந்தத் தகரம் என்னவாம்? அது இரும்பில்லாம பூவா?"

யாரோ சிரித்தார்கள். "பொம்பளைகளுக்கு இங்கன என்ன பேச்சு?" என்று காரியதரிசி அதட்டினார். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. படக்காரன் வேறு வெளிச்சம் போகிறது என்று கத்தினான்.

அக்கிராசனர் ஒரு வழி கண்டுபிடித்தார். "தகரத்தோடயே எறக்குங்கவே. துருப்பிடிச்சுத் தானா உதுந்துரும். வேரு பைய வெளிய வந்துரும். சிவனுக்கு வழி தெரியாதா?"

சபாஷ் என்றார் காரியதரிசி. குருக்களுக்கும் திருப்தி. நாலு பேர் சேர்ந்து செடியைத் தகரத்தோடு தூக்கி ஜாடிக்குள் இறக்கினார்கள். சுற்றிலும் புதுமண்ணைக் கொட்டி, தகரத்தின் விளிம்பு தெரியாமல் மேலேயும் மூடினார்கள். அக்கிராசனர் தம் பொடி டப்பியிலிருந்து ஒரு சிட்டிகை தாமிரபரணி மணல் என்று சொல்லி எதையோ தூவினார். அது மணலோ பொடியோ, அருகில் இருந்தவர் தும்மினார். உடனே படம் எடுத்தார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

செடிக்கு விடுதலை என்று இவர்கள் கொண்டாடியது, சின்னச் சிறைக்கு வெளியே ஒரு பெரிய சிறையைக் கட்டியதைத்தான்.

6

தண்ணீர் ஊற்ற முறை வைத்தார்கள். ஆளுக்கொரு நாள் வந்து, வெள்ளை வேஷ்டியில் தெறிக்காமல், ஜாடியின் ஓரமாக ஊற்றிவிட்டுப் போனார்கள். நீரெல்லாம் புதுமண்ணில் நின்றது. உள்ளே தகரத்தில் வேர் வறண்டது. இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது.

சபையில் காரணம் தேடினார்கள். தகரத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. ஒருநாள் மண்டியிலிருந்து திரும்பும் வழியில் அக்கிராசனர் என்னை நிறுத்தினார்.

"வே, தப்பா நெனைக்காதேரும். உம்ம வீட்டுல தெனம் வந்து பறிச்சிட்டுப் போறாவளே, சுத்தபத்தம் எல்லாம் பாத்துத்தான வாராவ? வில்வம் தீட்டு தாங்காதுவே. கொஞ்ச நாளைக்கு அவுக தொடாம இருக்கட்டும்னு சபையில அபிப்பிராயம்."

விடிவதற்கு முன் குளித்து, ஈரப்புடவையோடு பூஜை செய்கிறவளைப் பற்றி இந்த வாய் பேசுகிறது. சிவனுக்கே இவர்கள்மேல் அருவருப்பு வராமல் இருந்தால் அது அவருடைய பெருந்தன்மை.

வீட்டுக்குப் போனால் அவளுக்கு அதற்குள் சேதி தெரிந்திருந்தது. "இனி அங்கன போகல" என்றாள். அவ்வளவுதான்.

ஈரத்துணியில் ஒரே ஒரு இலை மிச்சமிருந்தது. வில்வத்துக்கு மட்டும் பழசு என்று கிடையாது, ஒருமுறை சாத்தியதைக் கழுவி மறுபடியும் சாத்தலாம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரே இலையைக் கழுவிக் கழுவி வைத்தாள். அது பச்சை போய்ப் பழுப்பாகி, நரம்பு நரம்பாக ஆகி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விரலிலேயே தூளாகிவிட்டது. தூளை நெற்றியில் வைத்துக்கொண்டாள். அன்று சோறு இல்லை. பால் மட்டும். கோயில் மரத்திலிருந்து குருக்களிடம் வாங்கி வருகிறேன் என்று நான் கெஞ்சினேன்.

"என் செடியில, என் கையாலன்னு நேந்திருக்கேன். அதுக்கு மேல என்கிட்ட சொல்லாதீங்க."

சங்கரன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வீம்புக்குக் குறைவில்லை என்று நினைத்தேன்.

7

மறுநாள் திங்கட்கிழமை. சிவகாமி குளித்து, விபூதி பூசி, அம்மிக் குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படி இறங்கினாள். மற்றொரு கையில் அரிவாள். நான் கத்திரியோடு பின்னால் ஓடினேன்.

சபை வாசலில் சுப்பையா பிள்ளை பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"எக்கா! என்ன செய்யுதீய? ஜாடி எக்கா, ஜாடி! அக்கிராசனர் பேரு எழுதியிருக்கு அதுல!"

"பேரு இருக்கிற பக்கத்த விட்டுட்டு இந்தப் பக்கமாப் போடுதேன். தள்ளி நில்லும்."

போட்டாள். பறக்கும் பாம்பு இரண்டு துண்டாயிற்று. உள்ளே தேங்கியிருந்த நீர் நாற்றத்தோடு காரியதரிசியின் செருப்புவரை ஓடியது. சேற்றுக்கு நடுவில் தகரம், வைத்தது வைத்தபடி. துரு ஏறியிருந்தது, ஆனால் ஓர் இடத்தில்கூட உதிரவில்லை.

தகரத்தை நான் நாலு பக்கமும் வெட்டி உரித்தேன். வேர் சதுரமாக நின்றது. தகரத்தின் நாலு மூலையும், பக்கத்தில் பதித்திருந்த கம்பெனி முத்திரைகூட, வேரில் அப்படியே அச்சு விழுந்திருந்தது. மண் ஒரு பிடி இல்லை. அதைப் பார்த்ததும் சிவகாமி, "ஐயோ, என் அப்பனே" என்றாள். அப்புறம் உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிப் போயிருந்த வேரையெல்லாம் அரிவாளால் சீவினாள். அடிவேரை விரலால் பிரித்து நீட்டினாள். மேலே கிளைகளையும் முக்கால்வாசி வெட்டினாள்.

வெட்டிய கிளைகளில் அங்கங்கே நாலைந்து இலை பச்சையாகவே இருந்தது. "இதுல ஒண்ணு வச்சிரலாமே" என்றேன்.

"திங்கக்கிழமை அறுத்தது. ஆகாது."

முதல் நாள் முழுவதும் வெறும் பாலோடு இருந்தவள். அந்த நிலையிலும் அவள் அதைத் தொடவில்லை. தீட்டுப் பேசியவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

நடுவதற்கு என்னிடம் பாத்திரம் இல்லை. அப்போதுதான் தெருவில் ஒரு ரிக்ஷா வந்து நின்றது. சங்கரன் இறங்கி, பாதியாக அறுத்த ஒரு பெரிய மரப்பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய கம்பெனிக் கிடங்கிலிருந்து. அடியில் துளையும் போட்டிருந்தான்.

சிவகாமி குனிந்து மோந்தாள். "என்னல இது வாடை?"

"பிராந்திம்மா. ரெண்டு தரம் கழுவியாச்சு. போகல."

சுப்பையா பிள்ளை காதைப் பொத்தினார், மூக்கைப் பொத்த வேண்டிய இடத்தில். "சிவ சிவா! சாராயப் பீப்பாயிலயா வில்வம்?"

சிவகாமி கொஞ்சம் யோசித்தாள். "சரி, கிடக்கட்டும். வேருக்கு மூக்கா இருக்கு?" என்றாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, சில்லு வைத்து, மண் போட்டு நட்டாள். வெட்டிய இலைகளை அதன் காலடியிலேயே புதைத்தாள். மூவரும் சேர்ந்து பீப்பாயை எங்கள் பின்கட்டுக்கு உருட்டி வந்தோம். வீட்டுச் சொந்தக்காரன் வந்து கத்தினான். அவனோடு சங்கரன் சீனத்தில் பதிலுக்குக் கத்தினான். என்ன சொன்னானோ, அவன் போய்விட்டான்.

8

அன்று சாயங்காலமே சபை கூடி எங்களைத் தள்ளிவைத்தது. பிராயச்சித்தம் செய்தால் சேர்ப்பார்களாம். நான் போகவில்லை. சேர்த்தால்தான் எனக்குப் பிராயச்சித்தம் தேவைப்படும். பிறகு அவர்கள், செத்த செடியின் பழைய படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பித் தழைத்தோங்குகிறது என்று அச்சடிக்க வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களும் அச்சடித்தார்கள். ஊரில் உள்ளவர்களுக்கும், இங்கிருந்து என்ன போனாலும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற புத்தி.

செடி வெறும் குச்சியாக நின்றது. சிவகாமி பாலும் பழமுமாக இருந்தாள். நாளாக ஆக அவள் கைவளை முழங்கைக்கு ஏறியது. சமையல் நான்தான் செய்தேன். சங்கரன் வேலைக்குப் போகுமுன் தினமும் பின்கட்டுக்குப் போய்க் குச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான். நான் நெல்லையப்பரிடம் கேட்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சிலது வேண்டுதல், சிலது வசவு.

இன்று காலை, சாம்பிராணி வாசம் வராததால் பின்கட்டுக்குப் போனேன். அவள் பூஜைச் செம்போடு பீப்பாய் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குச்சியில் ஒரு கணு வெடித்து, நகக்கண் அளவில், மூன்று பிரிவாக ஓர் இலை. செம்பு நிறம். இன்றைக்கு வியாழக்கிழமை, திதியும் பார்த்தேன், தடை ஒன்றுமில்லை. பறிக்கலாம்.

அவள் கையை நீட்டினாள். இலையை விரலால் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, செம்பிலிருந்த அபிஷேக நீர் முழுவதையும் அதன் அடியில் ஊற்றினாள்.

"ஏளா, பறிக்கலையா?" என்றேன்.

"அவரு தலையில வச்சாத்தான் சாத்தினதாகுமா? இது அவருக்குத்தான். இங்கனயே இருக்கட்டும். வேணும்னா அவரு வந்து எடுத்துக்கிடுவாரு."

உள்ளே வந்து, தானே மணைப்பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் சோறு போட்டு, தேங்காய்ப்பால் சொதி ஊற்றினேன். அவள் முதல் கவளத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி மென்று விழுங்கினாள்.

"உப்புக் கூடிட்டு" என்றாள். மறுபடியும் கையை நீட்டினாள்: "இன்னும் கொஞ்சம் போடுங்க."